சூலக்காரிக்கு வந்த தோஷம்

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திர நாளுக்கு, இன்னும் பத்து நாள் இருந்தது. மலாக்கா முழுவதும் புதுக் கொடிக்குத் துணி தேடி அலைந்தபோது, காஜா பெராங் வட்டாரம் மட்டும் பழைய காசைத் தூக்கிக்கொண்டு அலைந்தது.

தெங்கேராவிலிருந்து சைக்கிளில் வந்தார்கள். கிளேபாங்கிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். கித்தாத் தோட்டங்களிலிருந்து, ரப்பர் மரம் சீவுகிறவர்கள், லாரி பேசி, குழந்தை குட்டிகளோடு வந்தார்கள். எல்லார் மடியிலும் ஒரு முடிச்சு, முடிச்சுக்குள் வெள்ளிக் காசு. சடக்கோரத்தில், சாலையை ஒட்டி, அத்தாப்பு ஓலைக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்தார் ரஜதானந்த சுவாமிகள். ஊர் அவருக்கு வைத்த பெயர் காசுசாமி. ஊர் வாயிலிருந்து சில சமயம் தெரியாமலே உண்மை வந்துவிடும்.

சாமி சொன்ன செய்தி பயங்கரமானது. வெள்ளைக்காரன் கப்பலேறப் போகிறான், சரி. செத்துப்போன அவனுடைய ராஜா ராணிகளின் ஆவிகள் எங்கே போகும்? இத்தனை வருஷம் கவர்னர் பங்களாவில் சொகுசாக இருந்த ஆவிகள் அவை. பங்களா கைமாறினால் தங்க இடம் வேண்டாமா? நேரே தங்கள் தலை அச்சடித்த வெள்ளிக் காசுக்குள் வந்து குந்திக்கொள்ளுமாம். அந்தக் காசு எந்த வீட்டில் இருக்கிறதோ, அந்த வீட்டில் செத்தவன் தலை இருப்பதாக அர்த்தம். பிறகு கல்யாணம் தட்டும், வேலை போகும், வயிறு வலிக்கும். வயிறு வலிக்காத மனிதன் மலாக்காவில் யார் இருக்கிறான்? கூட்டம் சேர்ந்துவிட்டது.

நிக்கல் காசிலும் அதே செத்த ராஜாவின் தலை இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கொண்டு வந்தவர்களிடம் சாமி, "இது புதுக் காசு, இதில் ஆவி தங்காது," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எவ்வளவு நேர்மை என்று ஜனங்கள் கண்ணில் நீர் விட்டார்கள். அது மட்டுமா? சாமி காணிக்கை என்று ஒரு சல்லி தொடமாட்டார். காசை மட்டும்தான் வாங்கிக்கொள்வார்.

காரியம் நடக்கும் விதமும் அழகுதான். கொண்டுவந்த காசை முதலில் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உற்றுப் பார்ப்பார். எந்த வருஷத்துக் காசு என்று பார்ப்பதற்குப் பெயர் ஜாதகம் பார்ப்பது. பிறகு பித்தளைச் செம்பில் இருக்கும் தீர்த்தத்தில் போடுவார். ஒரு நிமிஷம், கண்ணை மூடிக் கும்பிட்டுத் திறந்தால் பளபளத்த வெள்ளி கன்னங்கரேல் என்று கிடக்கும். "பார்த்தியா தாயே, உன் வீட்டுத் தோஷம்," என்பார் சாமி. அந்த அம்மாள் அழுவாள். காசுகள் சிவப்புத் துணியில் முடியப்பட்டு, பெயர்ச் சீட்டு ஒட்டப்பட்டு, பெரிய அண்டாவுக்குள் போகும். முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை, விடுதலைக்கு முதல் நாள், எல்லா முடிச்சையும் கிளேபாங் கடலில் படகேறிப் போய்ப் போட்டுவிடுவது என்று ஏற்பாடு. அதுவரை முடிச்சை அவிழ்த்தால் குடும்பம் விளங்காது.

இதெல்லாம் சாரதாம்பாளுக்குச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரை வெறும் ஊர்க்கதைதான். அன்றைக்குத்தான் அவள் அலமாரியிலிருந்து தன் பிஸ்கட் டின்னை எடுத்தாள். டின் காற்றுப்போல இருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே பஞ்சு மட்டும்தான்.

சாரதாம்பாள் அப்துல் கய்யூமின் போட்டோ ஸ்டூடியோவில் படங்களுக்கு வர்ணம் தீட்டுகிறவள். கறுப்பு வெள்ளைக் கல்யாணப் பெண்களுக்குக் கன்னத்தில் சிவப்பும் புடவையில் பச்சையும் ஏற்றி ஏற்றிக் கண் தேய்ந்தவள். அந்தக் கண்ணுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பழைய வெள்ளிக் காசில் செதுக்கியிருக்கும் சித்திரம். இருபது வருஷமாகப் பாசார்ச் சந்தையிலும் ஈயம் பூசுகிறவனிடமும் கேட்டு வாங்கி, இருபத்தேழு காசு சேர்த்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். எட்வர்டு ராஜாவின் தாடி மயிரை எண்ணுவாள்.

அதில் அவளுக்கு உயிர் இந்திய ரூபாய்க் காசுகள் இரண்டின் மேல். இரண்டிலும் ஐந்தாம் ஜார்ஜ் ராஜா, மார்பில் யானை பதித்த மாலை. முதலில் அடித்த காசில் யானையின் தும்பிக்கை சிறுத்துப்போய்ப் பன்றிபோலத் தெரிந்ததாம். இந்தியாவில் ஜனங்கள் கூச்சல் போட, அரசாங்கம் பயந்து மறு வருஷம் ஒழுங்கான தும்பிக்கையோடு புதுக் காசு அடித்தது. சாரதாம்பாளிடம் இரண்டும் இருந்தன. அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த டின் ஒன்றுதான். மற்றதெல்லாம் புருஷன் வாங்கியது, மாமியார் போட்டது, பிள்ளைகள் கேட்டது.

புருஷன் மருதமுத்து நகரசபையில் சடக்கு உருட்டும் எஞ்சினுக்கு உதவியாள். பதினான்கு வருஷமாக உதவியாள். எஞ்சினின் ஒவ்வொரு திருகாணியும் அவனுக்கு அத்துப்படி, ஆனாலும் வெள்ளைக்காரத் துவான், மேலதிகாரித் துரை, அவனை டிரைவராக்கவில்லை. காசுசாமி ஜாதகம் பார்த்துக் காரணம் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் இத்தனை ராஜா தலையை வைத்துக்கொண்டிருந்தால் வெள்ளைக்காரன் எப்படி வழிவிடுவான்?

"கடலுக்குத்தான் போவுது சாரதா. யாரும் திங்கப் போறதில்ல," என்றான் மருதமுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு.

சாரதாம்பாளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "ஜப்பான்காரன் காலத்துல உங்களுக்குக் குளிர்ஜுரம் வந்து கெடந்தீங்களே, ஞாபகம் இருக்கா? அவன் அடிச்ச வாழைமரம் போட்ட நோட்ட ஒருத்தனும் வாங்கல. மூணு ராஜா தலையக் குடுத்துத்தான் கொயினா மாத்திரை வாங்கினேன். அந்த மூணுல ஆவி இருந்துச்சா? இருந்திருந்தா இன்னைக்கு நீங்க இருக்க மாட்டீங்க."

மருதமுத்து கால் கட்டை விரலால் தரையைத் தேய்த்தான். இவ்வளவு பெரிய எஞ்சினைக் கட்டி மேய்க்கிறவன் இவ்வளவு சின்னப் பயத்துக்கு மசிந்துவிட்டானே என்று அவளுக்குத் தாங்கவில்லை.

புதன்கிழமை காலை அவளே கொட்டகைக்குப் போனாள். பணிவாகத்தான் கேட்டாள். முடிச்சு போட்டது போட்டதுதான், அவிழ்த்தால் உன் புருஷன் உயிருக்கு நான் ஜவாப்தாரி இல்லை என்று சாமி மெல்லிய குரலில் சொன்னார். பின்னால் நின்றவர்கள் அவளை முறைத்தார்கள். புருஷன் உயிரைவிடக் காசு பெரிதாகப் போய்விட்டதா என்று ஒரு குரல் கேட்டது.

ஆனால் போனதில் இரண்டு லாபம். ஒன்று மூக்குக்கு, இன்னொன்று கண்ணுக்கு.

மூக்குக்குக் கிடைத்தது ஒரு நாற்றம். கொட்டகையில் சாம்பிராணியை மூட்டை மூட்டையாகப் போட்டிருந்தார்கள், ஆனாலும் அந்தச் செம்புக்குப் பக்கத்தில் நின்றால் அடியில் ஒரு அழுகிய முட்டை வாடை. மற்றவர்கள் அதை ஆவியின் நாற்றம் என்றார்கள். சாரதாம்பாளுக்கோ அது தினமும் வேலைக்குப் போனால் வரவேற்கும் நாற்றம்.

கண்ணுக்குக் கிடைத்தது சாமியின் அம்மன். பூஜைத் தட்டின் நடுவில், சந்தனமும் குங்குமமும் பூசி, ஒரு பெரிய வெள்ளிக் காசு. பெயர் சூலக்காரி அம்மன். காசில் ஒரு பெண் நிற்கிறாள், கையில் திரிசூலம், தலையில் கிரீடம். பக்கத்தில் ஒரு கேடயம், தூரத்தில் ஒரு கப்பல். சாமி விளக்கம் சொன்னார். அந்தக் கப்பல் நம் தாத்தாக்கள் நாகப்பட்டினத்தில் ஏறி வந்த கப்பலாம், அம்மன் கூடவே காவல் வந்தாளாம். கேடயத்தில் தெரியும் எட்டுக் கோடும் எட்டுத் திக்கைக் காக்கும் யந்திரமாம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

சாரதாம்பாளுக்குச் சிரிப்பை அடக்க முந்தானை வேண்டியிருந்தது. அவளுடைய டின்னிலும் அதே காசு மூன்று இருந்தது. வியாபாரத்துக்காக வெள்ளைக்காரன் அடித்த டாலர் அது. அந்த எட்டுக் கோடு அவனுடைய கொடி. அந்தக் கிரீடம் இரும்புத் தொப்பி. அந்தப் பெண் அவனுடைய நாட்டுக்கே அடையாளமாக அவன் வரைந்து வைத்த பிரிட்டானியா. சூலத்தின் நடுமுனையில், பூதக்கண்ணாடி வைத்தால், பம்பாயில் அடித்ததற்கு அடையாளமாக ஒரு பொடி எழுத்துகூட இருக்கும். பெண்ணைச் சுற்றி இங்கிலீஷில் 'ஒன் டாலர்' என்று கொட்டை எழுத்தில் விலை போட்டிருக்கிறது. வெள்ளைக்காரனைத் துரத்திவிட்ட பெருமையில் மிதக்கும் ஜனங்கள் மூன்று வாரமாக வெள்ளைக்காரன் வீட்டுப் பெண்ணுக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் நின்ற ருக்மணி என்ற தோட்டத்துப் பெண்ணிடம் இதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். சூலம் இருக்கிறதே அக்கா, அப்புறம் என்ன என்றாள் ருக்மணி. அதற்கு மேல் என்ன பேசுவது?

ஸ்டூடியோவில் அப்துல் கய்யூம் விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த படத்தைக் கீழே வைத்தார். படத்தைப் பழுப்பு நிறமாக்க அவர் ஒரு உப்பு வைத்திருந்தார். தண்ணீரில் கரைத்தால் அழுகிய முட்டை நாறும். படத்தில் இருப்பதே வெள்ளிதான், அந்தத் தண்ணீர் பட்டால் அது நிறம் மாறும். போன மாதம் தாடிக்காரர் ஒருவர் வந்து, மூவாரில் ஸ்டூடியோ வைத்திருப்பதாகச் சொல்லி அந்த உப்பில் ஒரு பெரிய பாட்டில் வாங்கிப் போனார். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். காசுக்கு ஜாதகம் பார்க்கும் அதே கண்ணாடியாக இருக்க வேண்டும்.

போலீசில் சொல்லலாமே என்றார் கய்யூம். சாரதாம்பாள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "போலீஸ் வந்து கேட்டா எங்க வீட்டுக்காரரே நானாத்தான் குடுத்தேன்னு கையெழுத்துப் போடுவாரு பாய். சனங்க முன்னாலதான் சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. அந்தச் செம்பு சொன்னா நம்புவாங்க."

வெள்ளிக்கிழமை காலை கொட்டகையில் நிற்க இடமில்லை. தோரணம், மேளம், தண்ணீர்ப் பந்தல், எல்லாம் ஜவுளிக்கடை முதலாளி, தவுக்கே தம்பிராஜாவின் உபயம். அவர் மனைவி கமலவேணி முன் வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கனத்த சங்கிலி, சங்கிலியில் ஒரு பவுன் பதக்கம். அந்தப் பதக்கத்தை ஊரே பார்த்திருக்கிறது. யாரும் அதில் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை.

சாரதாம்பாள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மருதமுத்து தூரத்திலிருந்து பார்த்துத் திடுக்கிட்டான். கடைசி முடிச்சுகள் அண்டாவுக்குள் போகும் நேரம், சாரதாம்பாள் அடக்கமாகக் கேட்டாள்.

"அக்கா, உங்க கழுத்துலயும் ஒரு ராஜா இருக்காரே. அவரும் செத்தவருதானே?"

கமலவேணி குனிந்து பார்த்தாள். பவுன் காசில் ஐந்தாம் ஜார்ஜ், தாடியும் மீசையுமாக, இருபத்தைந்து வருஷமாக அவள் நெஞ்சின் மேல் சாய்ந்திருக்கிறார். அவள் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய்ச் சங்கிலியைக் கழற்றிச் சாமி முன் நீட்டினாள்.

சாமி அவசரமாகக் கையை உயர்த்தினார். தங்கம் லட்சுமி அம்சம், அதற்குத் தேவையில்லை என்றார். ஆனால் பயம் பிடித்த பணக்காரியை யார் நிறுத்துவது? அந்தப் பயத்தை மூன்று வாரமாக ஊற்றி வளர்த்தவரே அவர்தான். "இருபத்தஞ்சு வருசமா செத்தவன் தலை என் கழுத்துல தொங்குது சாமி," என்று சொல்லிக்கொண்டே கமலவேணி சங்கிலியோடு பதக்கத்தைச் செம்புக்குள் விட்டாள்.

ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். கமலவேணி வெளியே எடுத்தாள். பதக்கம் கடையில் வாங்கிய அன்றுபோல மின்னியது.

"தோஷம் இல்ல, தோஷம் இல்ல," என்றார் சாமி, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

சாரதாம்பாள் எழுந்து நின்றாள். "அதே ராஜா. அதே தலை. அவரு தங்கத்துல இருந்தா ஆவி இல்ல, வெள்ளியில இருந்தா மட்டும் ஆவியா? சரி சாமி, இந்தத் தீர்த்தம் தோஷத்த மட்டுந்தானே காட்டும்? அம்மனுக்குப் பாலும் இளநீரும் ஊத்துறீங்க, இத ஒரு நாளும் ஊத்தலையே." சொல்லிக்கொண்டே தட்டிலிருந்த சூலக்காரியை எடுத்து, சந்தனத்தை முந்தானையால் துடைத்து, செம்புக்குள் போட்டுவிட்டாள்.

சாமி பாய்ந்தார். செம்பை எடுக்க வந்த கையைக் கமலவேணி தட்டிவிட்டாள். அவளுக்கும் இப்போது பார்த்தாக வேண்டியிருந்தது.

சாரதாம்பாள் கரண்டியால் காசை எடுத்து உயர்த்திக் காட்டினாள். சூலம் கறுப்பு. கிரீடம் கறுப்பு. தாத்தாக்கள் ஏறி வந்த கப்பலும் கறுப்பு.

சாமி சாதாரண ஆளா? "அம்மன் உங்க பாவத்தையெல்லாம் தன் மேல ஏத்துக்கிட்டா," என்று கத்திக்கொண்டு தரையில் விழுந்து கும்பிட்டார். பாதிக் கூட்டம் அவரோடு விழுந்தது. நம் ஜனங்களுக்கு விழுவதற்கு ஒரு இடம் காட்டினால் போதும்.

அப்போதுதான் பின்னாலிருந்து அப்துல் கய்யூம் முன்னே வந்தார். எதிர்க் காப்பிக் கடையிலிருந்து கண்ணாடிக் குவளையில் குழாய்த் தண்ணீர் வாங்கி வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து தன் கடைப் பாட்டிலை எடுத்து, எல்லாரும் பார்க்க அந்த உப்பைக் கரைத்தார். நாற்றம் கிளம்பியது. முன் வரிசை மூக்கைப் பிடித்தது. தம்பிராஜாவின் வெள்ளி வெற்றிலைப் பெட்டியின் மூடியைக் கேட்டு வாங்கி அதில் முக்கினார். மூடி கறுத்தது.

"இது படத்தப் பழுப்பாக்குற தண்ணி. எந்த வெள்ளி பட்டாலும் கறுக்கும், தங்கம் கறுக்காது," என்றார் கய்யூம். "உங்க சாமி போன மாசம் என் கடையில வாங்கிட்டுப் போனாரு. பில்லு இருக்கு."

கூட்டம் அசையவில்லை. எல்லாரும் அண்டாவைப் பார்த்தார்கள். முடிச்சை அவிழ்த்தால் குடும்பம் விளங்காது. அந்தச் சொல் ஒவ்வொருவர் கையையும் கட்டிப் போட்டிருந்தது. உண்மை கண்ணுக்கு நேரே கறுத்துக் கிடந்தும், யாருக்கும் கை வரவில்லை.

மருதமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். பெண்டாட்டியை ஒரு தடவை பார்த்தான். அண்டாவுக்குள் கைவிட்டுத் தன் பெயர்ச் சீட்டு ஒட்டிய முடிச்சை எடுத்தான். பல்லால் கடித்து அவிழ்த்தான். உள்ளே இருந்தவை ஜல்லென்று தரையில் கொட்டின. வட்டமாக, கனமாக, நடுவில் ஓட்டையோடு.

அவன் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பதினான்கு வருஷ உத்தியோகம் அன்றைக்குத்தான் உதவியது. "இது காசு இல்ல," என்றான் நிதானமாக. "அரை இஞ்சு வாஷர். எங்க எஞ்சினுக்குப் போடுறது."

பிறகு முடிச்சுகளை அவிழ்க்க யாரும் பயப்படவில்லை. அண்டா முழுக்க வாஷர். கித்தாத் தோட்டத்து லாரிக்காரர்கள் சாமியைக் கொட்டகை வாசலிலேயே பிடித்து உட்கார வைத்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் சாமி படுக்கும் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டி வந்தது. அதற்குள் ஊர்க் காசு முழுவதும் இருந்தது. கறுப்பெல்லாம் துடைத்து, மெல்லிய காகிதத்தில் சுற்றி, ராஜா வாரியாக, வருஷ வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் பென்சிலால் சிங்கப்பூர் விலை எழுதியிருந்தது. செத்த ராஜாக்களுக்கு மேலேயே மூன்று வாரம் படுத்த மனிதருக்கு ஒரு நாளும் வயிறு வலித்ததாகத் தெரியவில்லை.

சாரதாம்பாளின் பன்றி யானையும் ஒழுங்கு யானையும் தனிப் பொட்டலத்தில் இருந்தன. அவற்றின் மேல்தான் அதிக விலை போட்டிருந்தார். காசின் அருமை தெரிந்தவன், அவளைப் போலவே ஒவ்வொரு கோட்டையும் பார்த்து ரசித்திருக்கிறான். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இப்படியா பிழைக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு கணம் வேதனையாகக்கூட இருந்தது. இருபத்தேழையும் எண்ணாமலே முந்தானையில் வாங்கிக்கொண்டாள். மருதமுத்து பிஸ்கட் டின்னை எடுத்து வருகிறேன் என்று வீட்டுக்கு ஓடினான்.

போலீஸ் வந்து சாமியை ஏற்றிப் போனது. ஜனங்கள் தங்கள் காசைத் தேடி வாங்கிக்கொண்டார்கள். காரியம் முடிந்தது என்றுதான் சாரதாம்பாள் நினைத்தாள். திரும்பிப் பார்த்தால் கமலவேணி முன்னால் ஒரு நீண்ட வரிசை. வரிசையில் முதலாவதாக ருக்மணி, இடுப்பில் குழந்தையோடு.

"என்னா வரிசை இது?" என்று கேட்டாள் சாரதாம்பாள்.

ருக்மணி பரவசமாகச் சொன்னாள். "அந்த நாத்தத் தண்ணியில போட்டும் தவுக்கேம்மா பதக்கம் கறுக்கல பாத்தீங்களாக்கா? அதுக்குத்தான் சக்தி இருக்கு. புள்ள நெத்தியில ஒரு தடவை வெச்சு எடுத்துக்கலாம்னு."

கமலவேணி, பாவம், பதக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு விழித்தாள். கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது அவள் முகத்தில். தம்பிராஜா பின்னாலிருந்து, வரிசையாக வாருங்கள், இடிக்காதீர்கள் என்று ஒழுங்கு செய்ய ஆரம்பித்துவிட்டார்.

சாரதாம்பாள் நேரே போய்ப் பதக்கத்தைக் கமலவேணியின் கையிலிருந்து வாங்கி, அவள் கழுத்திலேயே மாட்டிவிட்டாள். பிறகு வரிசையைப் பார்த்துத் திரும்பினாள்.

"நாளைக்கு வெள்ளைக்காரன் கொடிய இறக்கிட்டுக் கப்பலேறிடுவான். காசுல இருக்கற அவன் ராஜா தலையால உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது. உங்க கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே, அதத்தான் வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் முடிஞ்சு குடுக்கறீங்க. அதுக்கு எந்தத் தேதியில மெர்டேக்கா?"